பாலாறு இரண்டாகப் பிரியும் இடம்

ஏரிக்கரைச் சரிவில் பாவியிருந்த கற்கள் சுட்டன. காலில் செருப்பு இல்லை. ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். முந்தானைக்குள் ஒரு சின்ன மண் கலயம். அதற்குள் என் அண்ணன் ஏழுமலை இருந்தான்.

கால் நனைந்தது. அவ்வளவு வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. கலயத்தின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்க்கப் போனேன்.

"ஏய்! ஏய்! பேடாம்மா, பேடா! போடாதே!"

கரைமேலிருந்து ஒரு ஆள் கம்பை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்துவிட்டது. ஏரியைக் காக்கும் காவல்காரன்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். துணியின் முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது.

அந்த இடத்தில் நான் ஏன் நின்றேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்தது

தங்க வயலைப் பற்றிப் பத்திரிகைக்கு வாராவாரம் எழுதுகிறாயே, தங்கத்தைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே என்று எங்கள் லைனில் ஒருவர் கேட்டார். லைன் என்றால் சுரங்கத்துக்காரர்களுக்கு வரிசை வரிசையாகப் போட்டுக் கொடுத்திருக்கும் மூங்கில் தட்டி வீடுகள்.

தங்கத்தை நான் பார்த்ததில்லை. மேலே வந்து கொட்டும் கல்லை உடைத்துப் பொறுக்குகிற வேலை எனக்கு. வெள்ளைக் கல் ஒரு பக்கம், கறுப்புக் கல் ஒரு பக்கம். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது, எப்படி மஞ்சளாகிறது, ஒன்றும் தெரியாது.

தண்ணீர் தெரியும். ஆற்றங்கரையில் பிறந்தவள் நான்.

வாணியம்பாடிக்கு மேற்கே பாலாற்றை ஒட்டி எங்கள் ஊர். ஆறு என்றதும் தண்ணீர் புரண்டு ஓடுவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஆற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். அக்கரைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவார்கள். பொழுது ஏறினால் கால் வெந்துவிடும்.

ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். விடியும்போது பெண்கள் குடமும் கொட்டாங்குச்சியும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவார்கள். முழங்கை ஆழம் பறித்தால் மணல் ஈரமாகும். இன்னும் பறித்தால் கலங்கலாகத் தண்ணீர் ஊறும். அதைத்தான் ஊற்றுப் பறிப்பது என்போம்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் அண்ணன். நான் கலங்கல் தண்ணீரையே குடத்தில் மொள்ளப் போவேன். கையைத் தட்டிவிடுவான்.

"இன்னாடி அவசரம்? ஆறு எங்கனா ஓடியா போய்டும்? முதல்ல வர்றத்த மொண்டு வெளிய ஊத்து. இன்னும் ஊத்து. இப்ப சொம்மா ஒக்காரு."

உட்கார்ந்திருப்போம். குழிக்குள் தண்ணீர் தானாக ஏறும். ஏறி, சுழன்று, மண் அடியில் இறங்கி, பிறகு கண்ணாடி மாதிரி நிற்கும். அடியில் கிடக்கும் ஒவ்வொரு மணலும் தெரியும். அப்போதுதான் மொள்ளலாம். அம்மா அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் உலை வைக்க மாட்டாள்.

மேலே உடைந்த ஏரி

ஒரு ஐப்பசியில் மழை நிற்கவே இல்லை. மேல் சீமையில் எங்கோ ஏரி உடைந்துவிட்டது, ஆறு வருகிறது, ஓடுங்கள் என்று கத்திக்கொண்டு ஒருவன் தெருவில் ஓடினான். எந்த ஏரி, எந்தச் சீமை என்று யார் கேட்டார்கள்? அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அண்ணன் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

மேட்டிலிருந்து பார்த்தோம். ஆறு சிவப்பாக இருந்தது. எங்கள் வீட்டுக் கூரை நடுவில் மிதந்து போனது. அதன்மேல் ஒரு கோழி நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அந்த நேரத்திலும் சொன்னான்.

"பாத்தியா, அது மட்டும் டிக்கெட் இல்லாம மெட்ராஸ் போவுது."

அம்மா அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு மூன்று பேரும் அழுதோம்.

வெள்ளம் வடிந்தபோது எங்கள் துண்டு நிலத்தில் ஆள் உயரத்துக்கு மணல். நைனா நான் சின்னவளாக இருக்கும்போதே செத்துப் போனார். வேறு வழி இல்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் போகிற இடத்துக்கு நாங்களும் வந்தோம். அம்மா மட்டும் வரவில்லை. மாமன் வீட்டில் ஒரு மூலை போதும், ஆற்றை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வந்து இறங்கிய அன்று அண்ணன் சுற்றிப் பார்த்தான். கல், புகைக்கூண்டு, வெள்ளை மண் மலை மலையாக. ஒரு வாய்க்கால்கூட இல்லை.

"இந்த ஊர்ல செத்தா எந்த ஆத்துல முழுவுவாங்க?" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான்.

கம்பியில் வந்த காவேரி

ஆறே இல்லாத இந்த ஊருக்கு ஒரு ஆறு கம்பி வழியாக வந்தது என்றால் நம்புவீர்களா?

சிவசமுத்திரம் என்று எங்கோ ஒரு இடத்தில் காவேரி பாறைமேலிருந்து கீழே விழுகிறதாம். அந்த விழுகிற வேகத்தை யந்திரம் வைத்துப் பிடித்து, கம்பத்துக்குக் கம்பம் கம்பி கட்டி, இங்கே கொண்டு வந்து சுரங்கத்துச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். இதை அண்ணனோடு வேலை செய்த தேவசகாயம்தான் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். மாதா கோயிலில் பாதிரியார் சொன்னாராம்.

எங்கள் அடுத்த வீட்டுப் பச்சையம்மாவுக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. காவேரி வந்திருக்கிறாள். அது போதும். ஆடிப் பதினெட்டு அன்று லைன் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சித்திரான்னம் படைத்துவிட்டாள். கம்பத்தைச் சுற்றிப் பெண்கள் குலவை போட்டார்கள். கம்பத்துக்குக் காவல் இருந்தவன் பதறிக்கொண்டு வந்தான்.

"தொட்டா செத்துப் போவீங்கம்மா!"

"காவேரியம்மாளைத் தொட்டா ஏன்யா சாவுறோம்? நீ தொட்டுப் பாரு, உனக்குக் கல்யாணம் ஆவும்," என்றாள் பச்சையம்மா.

அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு கம்பத்தண்டை போய் ஒரு கும்பிடும் போட்டான். "யாரோ பெத்த ஆறு, நம்ம கேஜை இழுக்குது," என்றான். கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டு. அவன் தினமும் அதில்தான் இறங்கினான்.

கீழே அவனுக்கும் தண்ணீர் வேலைதான். பாறை இடுக்குகளில் கசிந்து அடியில் தேங்குகிற தண்ணீரைப் பம்புக்கு வாரிவிட வேண்டும். அவனும் தேவசகாயமும் ஜோடி. இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். வெந்நீர் மாதிரி இருக்குமாம்.

"மேல ஒரு குடத்துக்குக் குழாயண்ட தலைமயிரைப் புடிச்சிக்கிறீங்க. கீழ தண்ணியைத் தொரத்தித் தொரத்தி வெளிய தள்றதுதான் எனக்கு வேலை. இன்னா ஊரு இது!"

குழாய் வந்தது அப்போது புதுசு. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் ஏற்றி, இரும்புக் குழாயில் மேடு தாண்டிக் கொண்டு வந்து எங்கள் லைன் முனையில் விட்டிருந்தார்கள். அது வரும்வரை பீப்பாய் வண்டிதான். குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று அண்ணன் ஒரு கை ஏந்திக் குடித்தான். வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"நம்ம ஊத்துத் தண்ணி மாதிரி கீதுடி," என்றான்.

நான் கேலி செய்தேன். ஊர் ஏக்கம் முற்றிவிட்டது உனக்கு, நாக்குக்கும் வந்துவிட்டது என்றேன்.

காய்ச்சல்

பங்குனி பிறந்ததும் லைனில் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி நிறைய எழுத என்னால் முடியவில்லை. அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து, தலை வலிக்குது என்று படுத்தான். தண்ணி குடு, தண்ணி குடு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குழாயடிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரு தரம் திரும்பி வரும்போது அவன் கேட்கவில்லை.

எங்கள் ஜனங்கள் புதைக்கிறவர்கள். குழிக்குள் இறக்கி, ஆளுக்கு ஒரு கை மண் தள்ளி, பிறகு பால் ஊற்றுவோம். நினைத்தால் போய் உட்கார ஒரு இடம் இருக்கும். ஆனால் காய்ச்சலில் போனவர்களை எரிக்க வேண்டும் என்று உத்தரவு. வண்டியில் எடுத்துப் போனார்கள். பெண்கள் யாரும் போகக்கூடாது. தேவசகாயம் மட்டும் வண்டிக்குப் பின்னால் நடந்தார். மறுநாள் ஒரு கலயத்தைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"சூடா கீது தங்கச்சி, பாத்துப் புடி," என்றார். சூடு எதுவும் இல்லை. அவருக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கிறது.

அம்மாவிடம் கொண்டு போய்விடலாம் என்று நானும் அவரும் பௌரிங்பேட்டைக்குப் போனோம். ரயில் நிலையத்துக்கு வெளியே கயிறு கட்டி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் கண்ட லைனில் இருப்பவர்கள் ரயில் ஏறக்கூடாது. மூட்டையைக் கொண்டு போனால் மூட்டையை வாங்கி எரிக்கிறார்கள். கலயத்தைப் பார்த்தால் அதையும் வாங்கிவிடுவார்கள் என்று பயந்து முந்தானைக்குள் மறைத்தேன்.

ரயில் பாதை வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கண்ணுசாமி என்று பெயர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அம்மாவுக்குச் சேதி சொன்னவர் அவர்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன்.

"அம்மா இன்னா சொல்லிச்சு மாமா?"

"அழுதுச்சு. அப்பால ஒண்ணு சொல்லிச்சு. 'எரிச்சிட்டாங்களாமே எம்புள்ளைய. ஒரு கை மண்ணுகூட என்னால தள்ள முடியல. ஆத்துலயாவது சேக்கச் சொல்லு. யார் ஆத்துலயோ இல்ல, நம்ம ஆத்துல.' அவ்ளோதாம்மா சொல்லிச்சு."

அவரிடம் கலயத்தைக் கொடுத்துவிடலாமா என்று முந்தானைக்குள் கையை விட்டேன். கயிற்றண்டை நின்ற சேவகன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி நடந்தோம்.

கலயத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. லைன் கோடியில் இருந்த புங்கமரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்ப்பேன். காற்றடித்தால் ஆடும்.

பச்சையம்மா குழாயடியில் எல்லார் எதிரிலும் கேட்டாள்.

"இன்னாமே, உங்கண்ணனைத் தூளி கட்டி ஆட்டிகினு கீற? அவன் எறங்கி வந்து எங்க வூட்டுல தண்ணி கேக்கப் போறான்."

"ஆத்துல போடணும் அக்கா."

"இங்க ஏதுடி ஆறு? காவேரிக் கம்பத்துலயா கட்டப் போற? காய்ச்சலுக்குப் போனவன் சாம்பலு. புள்ளைங்க கீற எடம். மேஸ்திரி கேட்டுகினு கீறாரு, வர்ற வெள்ளிக்குள்ள நீ எடுக்கலன்னா அந்த மண்ணு மலையில கொட்டிடுவேன்றாரு."

மண் மலை என்றால் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையை, மருந்துத் தண்ணீரோடு கொட்டி வைத்திருக்கிற மேடு. அதில் புல்கூட முளைக்காது. அந்த மேட்டில் என் அண்ணன்!

அன்றைக்கு வேலையில் கல்லை உடைத்தேனா, கையை உடைத்தேனா, தெரியாது.

கீரைக்காரி சொன்னது

நாரெம்மா பேத்தமங்கலத்திலிருந்து கீரை கொண்டு வருகிறவள். தெலுங்குக்காரி. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் பிள்ளை, தலையில் கூடை, வாயில் வெற்றிலை. கூடையை இறக்கிவிட்டு மரத்தைப் பார்த்தாள்.

"ஏமே, அது இன்னா தொங்குது? தேன் கூடா?"

சொன்னேன். பாலாற்றில் சேர்க்க வேண்டும், ரயிலில் விடவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கீரைக்கட்டைப் பிரித்துக் கட்டினாள்.

"பாலாறு வேணும்னா எதுக்கு ரயிலு? எங்க ஊருக்கு வா."

"உங்க ஊர்ல ஏரிதானே கீது?"

"ஏரிக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது, எங்கப்பன் ஊத்தறானா? நந்திமலைப் பக்கத்துலேர்ந்து பாலாறு வருது. எங்க ஊர்ல குறுக்கே கரை போட்டு நிறுத்திகீறாங்க. நீ தெனம் குழாயில புடிக்கிறியே, அது இன்னான்னு நெனச்ச?"

குழாயடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே இருக்கிறோம். பாலாறு எங்களுடையது, அதை ஊரில் விட்டுவிட்டு வந்தோம் என்று பாட்டாகப் பாடி அழுகிறோம். ஒருவருக்கும் இது தெரியவில்லை. ஆறு மேலேயிருந்து எங்களுக்கு வந்ததே தவிர, நாங்கள் அதற்கு மேலே போய்ப் பார்த்ததில்லை. அண்ணனின் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேலி செய்தேன்.

"அந்த ஐப்பசி மழையில உடைஞ்ச ஏரி…" என்று இழுத்தேன்.

"எங்களுதும்தான் உடைஞ்சுது. மறுபடி கட்டினாங்க. ஏன், உங்க ஊருக்கு வந்துச்சா?"

வந்தது என்றேன். ஒரு கட்டு முளைக்கீரையை என் மடியில் போட்டாள்.

காவல்காரன் கேட்ட கேள்வி

வியாழக்கிழமை தேவசகாயத்துக்கு ஷிப்ட் இல்லை. விடிந்ததும் கிளம்பி, காட்டுப் பாதையில் நடந்து, வெயில் ஏறியபோது பேத்தமங்கலம் கரைமேல் ஏறினோம். நாரெம்மா பிள்ளையோடு அங்கேயே காத்திருந்தாள்.

அவ்வளவு தண்ணீரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அக்கரை தெரியவில்லை. நடுவில் நாரைகள். எங்கள் வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டு எங்களை இந்தச் சீமைக்கு அனுப்பிய தண்ணீர் இதுதான். கோபம் வரும் என்று நினைத்தேன். அது பாட்டுக்குக் கரையில் வந்து வந்து மோதிக்கொண்டிருந்தது. கோபம் வரவில்லை.

அப்போதுதான் சரிவில் இறங்கினேன். காவல்காரன் ஓடி வந்தான்.

அவன் பேசியது பாதி கன்னடம், பாதி தெலுங்கு. நாரெம்மா சண்டை போட்டாள்.

"செத்தவங்களை ஆத்துல உடாம உன் தலையிலயா உடுவாங்க?"

"இது ஆறா? குழாய் தண்ணி! அதோ பாரு, பம்பு வூடு. இங்க போட்டா உறிஞ்சி மேல ஏத்திடும். தொரைங்க குடிக்கிறாங்க, நீங்க குடிக்கிறீங்க. அங்கேர்ந்து வந்தவனை மறுபடி அங்கயே அனுப்பணுமா உனக்கு?"

அவன் அதிகாரமாகத்தான் கேட்டான். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. கரையோரம் ஒரு செங்கல் கட்டடம், அதிலிருந்து தடித்த இரும்புக் குழாய் மேடு ஏறிப் போவது தெரிந்தது. நாங்கள் வந்த திசைதான். நான் இங்கே கவிழ்த்தால் அண்ணன் அந்த வழியாகத்தான் போவான். மேடு ஏறி, லைன் முனைக்கு வந்து, பச்சையம்மா குடத்தில் விழுவான். ஊருக்குப் போக மாட்டான்.

தேவசகாயம் தலையைச் சொறிந்தார்.

"தொர டம்ளர்ல போய் ஏழுமலை ஒக்காந்தா நல்லாத்தான் இருக்கும். 'சம்பளத்த ஏத்திக் குடு தொர'ன்னு உள்ளேர்ந்து கேப்பான்."

சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்தது அப்படியே அழுகையாகிவிட்டது. கால் தண்ணீரில், கலயம் மார்பில். காவல்காரன் கம்பைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

"எங்க ஊருக்குப் போற தண்ணி எது?" என்று கேட்டேன்.

அவன் கரைக்கு வெளிப்பக்கம் கையைக் காட்டினான். ஏரி நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து கீழே போகும். இப்போது எங்கே நிறைய? கலிங்கின் கல் காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே, வளைந்து வளைந்து, கண்ணுக்கெட்டிய வரையில் மணல்.

"பாலாறு அதான். தண்ணி இல்ல," என்றான். "மழை வரட்டும், அப்புறம் வாங்க."

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

ஆனால் அந்த மணலைப் பார்த்ததும் என் கால் தானாக நடந்தது. அது எனக்குத் தெரிந்த மணல். அதே நிறம், அதே சூடு, நடுவில் அதே நாணல் புதர்.

ஊற்று

நாணலை ஒட்டி உட்கார்ந்து பறித்தேன். நாரெம்மா கரையில் கிடந்த கொட்டாங்குச்சி ஒன்றைக் கொண்டு வந்து போட்டாள். தேவசகாயம் சட்டையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து கையால் வாரினார். சுரங்கத்தில் வாரிப் பழகிய கை. மணல் சரிந்து சரிந்து விழுந்தது.

"ஏமே, பொம்பளை இதெல்லாம் செய்யலாமா?" என்றாள் நாரெம்மா.

"வேற யாரு கீறா?"

அவள் பிள்ளையை நிழலில் விட்டுவிட்டு வந்து தானும் பறித்தாள்.

முழங்கை ஆழத்தில் ஈரம். இன்னும் பறித்தோம். தோள்வரை கை போனபோது விரல் நுனியில் சில்லென்றது. கலங்கலாக ஊறியது. தேவசகாயம் உடனே கலயத்தை எடுத்தார்.

"இரு அண்ணே. இப்ப இல்ல."

மொண்டு வெளியே ஊற்றினேன். இன்னும் ஊற்றினேன். பிறகு சும்மா உட்கார்ந்தோம். அண்ணன் சொல்லிக் கொடுத்த மாதிரியே எல்லாம் செய்தேன். தண்ணீர் ஏறியது, சுழன்றது, நின்றது. அடியில் மணல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

முடிச்சை அவிழ்த்தேன். வெள்ளையும் கறுப்புமாக இருந்தது. கல் பொறுக்குகிற எனக்கு அந்தக் கலவையைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தேன்.

திறந்து பார்த்தபோது குழித் தண்ணீர் சாம்பல் நிறம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நிறம் மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கியது. கிழக்குப் பக்கமாக, எங்கள் ஊர் இருக்கும் திசையில். பிறகு இளைத்தது. கீழே உட்கார்ந்தது கொஞ்சம், போனது கொஞ்சம். தண்ணீர் பழையபடி தெளிந்து நின்றது.

"இதுக்கப்புறம் இன்னா ஊரு?" என்று நாரெம்மாவைக் கேட்டேன்.

"ராமசாகரம். அங்கயும் ஒரு ஏரி. அப்புறம் காடு, மலை. அப்புறம் உங்க தமிழ் சீமை."

"அடியில போறவனுக்கு ஏரி இன்னா, காடு இன்னா," என்றார் தேவசகாயம். "கேஜ் இல்லாம போறான், குடுத்து வெச்சவன்."

ஊரில் ஊற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டு வருவோம். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். நானும் எழுந்தேன். தேவசகாயம் எழுந்திருக்கவில்லை. ஒரு கை மணலை எடுத்துக் குழிக்குள் போட்டார். கிறிஸ்தவர்களும் புதைக்கிறவர்கள்தானே. என்னைப் பார்த்தார்.

நான் ஒரு கை போட்டேன். பிறகு அம்மாவுக்காக ஒரு கை. நாரெம்மாவும் போட்டாள். கரைமேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காவல்காரன் இறங்கி வந்து, அவனும் ஒரு கை போட்டான். எரித்தவனைப் புதைத்தோம்.

குழாயடி

மறுநாள் விடியற்காலை குழாயடியில் என் குடத்தை வரிசையில் வைத்தேன். புங்கமரத்தில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பச்சையம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போய்ட்டானா?"

"போய்ட்டான் அக்கா."

"நம்ம ஆத்துலயா?"

"ஆமா."

அவள் தன் குடத்தை நகர்த்தி என் குடத்தை முன்னால் வைத்தாள். அந்தக் குழாயடியில் அது நடக்காத காரியம்.

தண்ணீர் வந்தது. முதலில் கொஞ்சம் செம்மண்ணாக, பிறகு தெளிவாக. ஒரு கை ஏந்திக் குடித்தேன். அண்ணன் சொன்னது சரிதான்.

இந்த நேரத்துக்கு அம்மாவும் குடத்தோடு ஆற்றுக்குள் இறங்கியிருப்பாள். மணலைப் பறித்துக் கலங்கலை மொண்டு ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வருவதும் எனக்கு வருவதும் ஒரே தண்ணீர்தான். பேத்தமங்கலத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மணலுக்கு அடியில் ஊருக்குப் போகிறது. ஒன்று குழாயில் ஏறி இங்கே வருகிறது.

நானும் அண்ணனும் ஒன்றாகத்தான் இந்தச் சீமைக்கு வந்தோம். அந்த ஏரிக்கரையில் அவன் அந்தப் பக்கம் போனான். நான் குழாய் போகிற பக்கமாக நடந்து வந்துவிட்டேன்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ எடுமே, எடுமே என்று கத்தினார்கள். எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஒரே ஆள் இருக்கிற வீட்டுக்கு ஒரு குடமே அதிகம்.